ஜனாஸாவில் நான் சொல்லாத சொல்

என் அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய யூசுப் மச்சான்,

கபுறடியில் நின்று சொல்ல வேண்டிய ஸலாத்தை என் மேசையிலிருந்து சொல்கிறேன். மண் போட்ட நாளுக்குப் பிறகு உங்கள் கபுறடிக்கு நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. ஊர் தன்பாட்டில் எதையெதையோ கதைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே இதை உறையில் போட்டு ஒட்டாமல் அச்சுக்குக் கொடுக்கிறேன். பள்ளிவாசல் நிறைய ஆட்கள் பார்த்திருக்க நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்கான காரணத்தை மூலையில் நின்று ஒருவர் காதில் மட்டும் சொல்வது நியாயமில்லை. படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் மூத்த சகோதரி, என் ராத்தா சுபைதாவின் மாப்பிள்ளை. நான் ஆங்கிலம் படிப்பித்த பாடசாலையின் தலைமை ஆசிரியர். மட்டக்களப்பில் ஒரே விடுதியில் தங்கி, ஒரே வாத்தியாரிடம் பிரம்படி வாங்கி இங்கிலீசு படித்தவர்கள் நாம். என்னைவிட இரண்டு வகுப்பு மூத்தவர் நீங்கள். அந்த இரண்டு வகுப்பைக் கடைசிவரை என்னை மறக்க விடவில்லை.

அன்று அஸர் தொழுகை முடிந்து உங்கள் உடல் வைத்த சந்தூக்கை முன்னால் வைத்திருந்தார்கள். உங்கள் மூத்த மகன் நிசார் எழுந்து திரும்பி நின்றான். மௌத்தானவருக்காக அவருடைய பிள்ளை கேட்க வேண்டியதை, நம் ஊர் வழக்கப்படி கேட்டான்.

“என்ட வாப்பா உங்கள்ல ஆருக்காவது மனம் நோகக் கதைச்சிருந்தா, ஆருக்காவது அநியாயம் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுப் பொருந்திக்கங்க.”

“பொருந்திக்கிட்டம்” என்று பள்ளி முழுவதும் சொன்னது. அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் முன்வரிசையில் நின்ற நான் சொல்லவில்லை. கூட்டத்தோடு முணுமுணுத்திருக்கலாம். உதட்டையாவது அசைத்திருக்கலாம். அசைக்கவில்லை. நிசார் என்னைப் பார்த்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற, பாங்கு சொல்லும் மோதினாரும் பார்த்தார். அதற்குள் தொழுகைக்குத் தக்பீர் கட்டிவிட்டார்கள்.

அடுத்த நாளே கதை கிளம்பிவிட்டது. தேநீர்க் கடையில் ஒருவர் என் முன்னால் வந்து குந்தினார். பெயர் சொல்லமாட்டேன். என்னிடம் இங்கிலீசு படித்துத் தேறாமல் போனவர்.

“சேர், என்ன, கொடுக்கல் வாங்கலா?”

“இல்ல.”

“காணிப் பிரச்சினையா?”

“இல்ல.”

“அப்ப என்னதான் சேர்?”

“சொல் பிரச்சினை” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “ஒரு சொல்லுக்கா சேர் மையித்தோட கோவிச்சுக்கிட்டு நிக்கிற?”

ஓம் மச்சான், ஒரு சொல்லுக்குத்தான். அது வெறும் சொல்லாக இருந்திருந்தால் நானும் அவரோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

அதே கடையில், வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து நாம் இருந்து சண்டை பிடித்த சொற்கள் எத்தனை? ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு இங்கிலீசுச் சொற்களைப் பிடித்து, இரண்டும் வேறு என்று நிறுவுவதில் உங்களுக்கு இருந்த ஆசை வேறு எதிலும் இருக்கவில்லை. உங்களுக்குத் தலைமைப் பதவி கிடைத்து எனக்குக் கிடைக்காமல் போன கிழமை, தேநீர் ஆறும்வரை காத்திருந்துவிட்டு ஆரம்பித்தீர்கள்.

“கரீம், ஜெலஸுக்கும் என்விக்கும் என்னடா வித்தியாசம்?”

“நீங்களே சொல்லுங்க.”

“என்ட கதிரைய ஆராவது பறிச்சிருவானோ எண்டு நான் பயந்தா, அது ஜெலஸ். என்ட கதிரையப் பாத்து உனக்கு எரிஞ்சா, அது என்வி. எனக்கு முந்தினது, உனக்குப் பிந்தினது. பங்கு சரிதானே?”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் அது குத்தத் தொடங்கியது. உங்கள் பகிடிகள் எல்லாமே அப்படித்தான்.

இன்னொரு நாள் ஹவுஸும் ஹோமும் வந்தன. நம் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண்சாதியின் வீட்டுக்குப் போகிறான். பிறந்த வீடு சகோதரிக்குச் சீதனமாகிவிடுகிறது. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் நீங்கள் வந்து இருந்தீர்கள். “எனக்கு அது ஹவுஸ், உனக்கு அது ஹோம். நீ வந்தா நான் விருந்தாளி மாதிரி ஒழும்பி நிக்கிறதா, நீ நிக்கிறதா?” என்று கேட்டீர்கள். அந்தப் பகிடிக்கு மட்டும் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை.

அலவ், பெர்மிட் என்ற இரண்டுக்கும் நீங்கள் சொன்ன விளக்கத்தை நானும் என் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். “அறுவடை முடிஞ்ச வயலுக்குள்ள மாடு இறங்குது. வயலுக்குச் சொந்தக்காரப் போடியார் வரம்புல நிண்டு பாக்கிறார். துரத்தல்ல, ஒண்டும் கதைக்கல்ல. அது அலவ். காணிக் கந்தோர்ல முத்திரை குத்தித் தாற கடதாசி இரிக்கே, அது பெர்மிட். முந்தினதுக்கு வாய மூடினாக் காணும். பிந்தினதுக்குக் கையெழுத்துப் போடணும்.” நாவிதன்வெளிப் பக்கம் வயலுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்டவுடனே தலையாட்டுவார்கள். ஒருநாளும் மறக்கமாட்டார்கள். நானும் மறக்கவில்லை.

பிறகு அந்த மாரி வந்தது. ஊருக்கு மேற்கே கிட்டங்கியில் தண்ணீர் வீதிக்கு மேலால் பாய்ந்தது. சவளக்கடையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் சனம் தோணியில் வந்து இறங்கியது. கோழிகளும் நனைந்த பாய்களும் விதைநெல் சாக்குகளுமாகக் கடைகளின் தாழ்வாரங்களில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். நான் மழையோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். நிசார் லாம்பைப் பிடித்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் நின்றான்.

“மச்சான், பள்ளிக்கூடத்தத் திறப்பம்.”

“கல்விக் கந்தோர்ல கேக்காம எப்படிடா?”

“கந்தோர் மட்டக்களப்புல இரிக்கு. றோட்டு தண்ணிக்குள்ள இரிக்கு. நீந்திப் போய்க் கேக்கச் சொல்றீங்களா?”

நீங்கள் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். “நீ திறக்கிற எண்டா நான் மறிக்கமாட்டன். சாவி எங்க தொங்குது எண்டு உனக்குத் தெரியும்தானே” என்றீர்கள்.

“அவனுக்குத் தெரியாதா? அவன் இந்த வீட்டுலதானே பொறந்த” என்று ராத்தா குசினிக்குள்ளிருந்து சொன்னா.

நான் சாவியை எடுத்தேன். திறந்தேன். வகுப்பறைகள் நிறைந்தன. விறகெல்லாம் நனைந்து கிடந்தது, அடுப்பு பற்றவில்லை, பிள்ளைகள் பசியில் கத்தின. வாங்குகளையும் மேசைகளையும் உடைத்து எரித்துத்தான் கஞ்சி காய்ச்சினார்கள். தடுக்கவில்லை, நானும் சேர்ந்து உடைத்தேன். நனைந்த பிள்ளைக்கு முன்னால் மேசைக்கு மரியாதை கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் வற்றியது. பாடசாலை தொடங்கியது. இருக்க வாங்கில்லாமல் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து அதிகாரி விசாரணைக்கு வந்தார். உங்கள் அறையில் உங்கள் கதிரையில் அவர் இருந்தார். நீங்களும் நானும் நின்றோம். அவருக்கு நம் பேச்சு விளங்காது. விசாரணை இங்கிலீசில்தான். வாசலில் நம் சக ஆசிரியர்கள் நின்றார்கள். வெள்ளத்தின்போது என்னோடு கஞ்சி பகிர்ந்தவர்கள்தான். ஒருவரும் எனக்காக வாய் திறக்கவில்லை. அவர்களுடைய பெயர்களையும் நான் மறக்கவில்லை.

அதிகாரி உங்களைப் பார்த்துக் கேட்டார்: “டிட் யூ அலவ் திஸ், மிஸ்டர் யூசுப்?”

நீங்கள் சொன்னீர்கள்: “ஐ டிட் நொட் பெர்மிட் இட், சேர்.”

அவர் கேட்ட சொல் ஒன்று, நீங்கள் கொடுத்த சொல் வேறொன்று. அவர் கவனிக்கவில்லை, எழுதிக்கொண்டார். அந்த அறையில் அதைக் கவனித்தது இரண்டு பேர்தான், ஒருவர் நீங்கள். நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை. எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் தேநீருக்கு மேலால் நாம் தீட்டிய கத்தி, மச்சான். அதை என்மேல் பாய்ச்சுவீர்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

உங்கள் சொல்லில் பொய் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. முத்திரை குத்தவில்லை. வரம்பில் நின்று பார்த்தீர்கள், அவ்வளவுதான். ஆனால் தலைமை ஆசிரியருக்குத் தெரியாமல் அரசாங்கக் கட்டடத்தைத் திறந்து தளபாடத்தை எரித்தவன் என்று என்னைத் தூரத்துப் பொத்துவிலுக்கு மாற்றினார்கள்.

பொத்துவிலுக்கு என் பெண்சாதி வரவில்லை. வரச்சொல்லி நான் கேட்கவும் இல்லை. அவளுக்கென்று அவளுடைய வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டுப் புருஷன் பின்னால் ஊர் ஊராகப் போவது நம் பெண்களின் வழக்கமல்ல. சந்தைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து, நானே ஆக்கித் தின்றேன். இரவெல்லாம் கடல் இரையும். வெள்ளிக்கிழமையில் சொல்லுக்குச் சண்டைபிடிக்க ஆளில்லை.

அங்கே நான் இருக்கும்போதுதான் உம்மா மௌத்தானா. செய்தி வந்து, பஸ் கிடைத்து, நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அடக்கி முடிந்திருந்தது. நம்மில் மையித்தை வைத்திருக்கமாட்டார்கள்; அதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் பள்ளியில் எழுந்து நின்று “என்ட உம்மாவப் பொருந்திக்கங்க” என்று கேட்க வேண்டியவன் நான். ஒரே மகன். என் இடத்தில் நின்று மருமகனாக நீங்கள் கேட்டீர்கள். அழுதுகொண்டு கேட்டீர்களாம். என்னைத் தூரத்துக்கு அனுப்பியவர் என் இடத்தில் நின்று அழுதார் என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு நான் ஊருக்கு வரும்போதெல்லாம் நீங்கள் விளக்கம் சொன்னீர்கள். ‘எனக்குப் பிள்ளைகள் இரிக்கு.’ ‘பென்சன் கிட்ட வந்துட்டு.’ ‘உண்மையத் தவிர ஒண்டும் சொல்லல்லயே மச்சான்.’ எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்றை மட்டும் நீங்கள் கேட்கவில்லை.

எக்ஸ்கியூஸ் என்பதும் ஃபொர்கிவ் என்பதும் வேறு என்று எனக்குச் சொல்லித்தந்தவரே நீங்கள்தான். முதலாவது, ‘உன்னில் பிழையில்லை, நிலைமை அப்படி’ என்று சொல்வது. இரண்டாவது, ‘பிழை உன்னுடையதுதான், ஆனாலும் விடுகிறேன்’ என்று சொல்வது. விளக்கம் சொல்கிறவன் முதலாவதைக் கேட்கிறான். அதைக் கொடுக்க என்னிடம் இல்லை, ஏனென்றால் பிழை இருந்தது. இரண்டாவதைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே ஒருநாள் விடிய நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

பாடசாலை விடுமுறை என்பதால் நான் ஊரில் இருந்தேன். இல்லாவிட்டால் உங்கள் ஜனாஸாவும் எனக்குக் கிடைத்திராது. கிடைத்ததனால்தான் இவ்வளவும்.

மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்து ராத்தா கூப்பிட்டனுப்பினா. புருஷனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் இருக்கிறா; அந்நிய ஆண்கள் பார்க்க ஏலாது, ஆனால் கூடப்பிறந்தவன் பார்க்கலாம். மருதமுனைத் தறியில் நெய்த வெள்ளைச் சீலை உடுத்து, உள்ளறையில் சுவரோரமாக இருந்தா. நான் இருப்பதற்குள்ளேயே தொடங்கிவிட்டா.

“மகன் கேக்கக்குள்ள நீ வாயத் திறக்கல்லயாம்.”

“ஓம்.”

“ஊரெல்லாம் கதைக்குது. நிசார் சோறு தின்னுறானில்ல. உனக்கு என்னடா வேணும்?”

“ராத்தா, உங்களுக்குத் தெரியாது, விசாரணையில மச்சான்...”

“எனக்குத் தெரியாதா? அவர் எனக்கிட்ட எல்லாம் சொன்ன. அண்டைக்கு ராவே சொன்ன. ‘கரீமுக்குப் பெரிய அநியாயம் செஞ்சிட்டன்’ எண்டு தலையில அடிச்சிக்கிட்டு சொன்ன.”

மச்சான், அதைக் கேட்டு என் நெஞ்சு இளகவில்லை, கொதித்தது. அட்மிட்டும் கொன்ஃபெஸும் வேறு என்று சொன்ன வாய்தானே உங்கள் வாய்? கேட்டு நெருக்கினால் ‘ஓம்’ என்பது அட்மிட். யாரும் கேளாமல் தானே போய் வைப்பது கொன்ஃபெஸ். எனக்கு அரைகுறையாக முந்தினதைத் தந்துவிட்டு, பிந்தினதை ராத்தாவிடம் போய் வைத்தீர்களா? இழந்தவன் நான். பொத்துவிலில் சட்டி கழுவினவன் நான். அந்த வார்த்தை என் காதுக்கு உரியதில்லையா?

இதையெல்லாம் ராத்தாவிடம் சொன்னேன். இங்கிலீசுச் சொற்களையும் சொல்லி வித்தியாசத்தை விளக்கினேன்.

“உன்ட இங்கிலீசு எனக்கு வேணா” என்றா. “அவரும் இங்கிலீசுலதான் உனக்குக் குழி வெட்டின. நீயும் இங்கிலீசுலதான் பொருந்தாம நிண்டு அவர்ர கபுற நெருக்கிற. ரெண்டு பேரும் படிச்ச மனிசர். நான்தான் நடுவுல கிடந்து சாகிறன்.”

“நான் கபுற நெருக்கல்ல ராத்தா.”

“அப்ப பொருந்திக்கிட்டன் எண்டு செல்லு. நாப்பதாம் கத்தத்துக்கு முதல் செல்லு. உனக்கு வாயில வராட்டி இனி இந்த வாசலுக்கு வராத. உம்மா தந்த வீடு, என்ட வீடு. என்ட வாசல்.”

நான் எழுந்து வந்துவிட்டேன். பிறந்த வீட்டை அப்படி இழக்கக்கூடும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பெண்களுக்குப் போன வீடுதான், என்றாலும் வாசல் எனக்குத் திறந்தே கிடந்தது. அதற்குப் பிறகும் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. நாட்கள் போயின. பள்ளிக்குப் போகும்போது உங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஒருநாள் பின்னேரம் நிசார் என்னைத் தேடி வந்தான். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

“மாமா, ஏன் எண்டு உம்மா சொல்லமாட்டேங்கிறா. அந்த வெள்ளத்துக் கதைதானே?”

நான் கதிரையை அவன் பக்கம் தள்ளினேன்.

“அண்டைக்கு லாம்பப் பிடிச்சிக்கிட்டு நான்தானே நிண்ட. ‘மறிக்கமாட்டன்’ எண்டு வாப்பா சொன்னத நான் கேட்டனான். சாவியப் பத்திச் சொன்னதையும் கேட்டனான்.” குரல் கரகரத்தது. “மட்டக்களப்புக் கந்தோருக்கு வாங்க மாமா. நான் வந்து சொல்லுறன். உங்கட பேரச் சுத்தப்படுத்துவம். அதுக்குப் புறகு பொருந்திக்குவீங்கதானே?”

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பலரும் இதைப் படித்துவிட்டு எனக்குப் புத்தி சொல்வார்கள். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதுகிறேன். “ஓம்” என்றேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பொத்துவில் அறையில் படுத்துக்கொண்டு நான் கனவு கண்டது அதைத்தான். எனக்காகச் சாட்சி சொல்ல ஒரு வாய். அந்த வாய் உங்கள் பிள்ளையின் வாயாக இருந்தது எனக்கு உறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இனித்தது.

மறுநாள் காலையில் கல்முனை பஸ் நிலையத்தில் சந்தித்தோம். அவன் எனக்கு முதலே வந்து நின்றான். உங்கள் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். தோளில் தளர்ந்து தொங்கியது. கந்தோருக்குப் போகிறோம் என்பதால் அதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறான்.

பஸ் வரவில்லை. அவன் வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“மாமா, ஒரு சந்தேகம். வாப்பா செஞ்சதுக்கு இங்கிலீசுல என்ன சொல்லுற? ‘மை ஃபாதர் லைட்’ எண்டா பொய் சொன்னார் எண்டு வருது. அவர் பொய் சொல்லல்லயே. ‘மிஸ்லெட்’ எண்டா சரியா? தெரிஞ்சிக்கிட்டே பிழையான பக்கம் திருப்பிவிட்டார் எண்டு வருமா?” என்னை நிமிர்ந்து பார்த்தான். “எது சரி மாமா? நீங்க சொல்லுற சொல்ல நான் அப்படியே சொல்லுறன்.”

மச்சான், எனக்குத் தெரியும் எது சரி என்று. இலங்கையில் எந்த வாத்தியாரிடம் கேட்டாலும் நான் சொல்லக்கூடியதைத்தான் சொல்வார். மிஸ்லெட். உங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற சொல். உங்களிடமே கேட்டிருந்தாலும் ‘அதுதான்டா பொருத்தம்’ என்றிருப்பீர்கள். தொண்டைவரை வந்துவிட்டது.

சொல்ல முடியவில்லை.

அவன் உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு மேசைக்கு முன்னால் நின்று, யாரோ ஒரு அதிகாரியைப் பார்த்து ‘மை ஃபாதர்’ என்று தொடங்கப்போகிறான். அடுத்த சொல்லை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நீங்கள் ஒரு அறையில் ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்தீர்கள். எனக்கும் இப்போது தெரிந்தெடுக்கச் சொல்லி நேரம் வந்திருக்கிறது. நீங்கள் தெரிந்தெடுத்தபோது உங்கள் வாயால் சொன்னீர்கள். பாவம் உங்களோடு நின்றது. நான் ஒரு பிள்ளையின் வாய்க்குள் வைத்து அவனுடைய வாப்பாமேல் ஏவப்போகிறேன். அவன் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, வாழ்நாளெல்லாம் அந்தச் சொல்லோடு இருக்க வேண்டும்.

பஸ் வந்தது. கொண்டக்டர் “மட்டக்களப்பு, மட்டக்களப்பு” என்று கத்தினான். நிசார் படியில் கால் வைத்துவிட்டான். அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

“இறங்கு.”

“ஏன் மாமா?”

“சொல் எனக்கு ஞாபகம் வருகுதில்ல.”

“அப்ப தமிழ்ல சொல்லுறன்.”

“தமிழ்லயும் வேணா. இறங்குடா.”

“ஏறுறதா, இல்லியா? வழிய விடுங்க சேர்!” என்று கொண்டக்டர் சத்தம் போட்டான். பஸ் போய்விட்டது. நிசார் அங்கேயே நின்று குழந்தைப்பிள்ளை போல அழுதான். கோபத்தில் அழுதானா, ஆறுதலில் அழுதானா? நான் கேட்கவில்லை. என் பெயர் அந்தக் கந்தோர்ப் பைலில் கறுப்பாகவே இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. பொத்துவில் அறையும் அப்படியே இருக்கும். அடுத்த தவணைக்கும் அங்கேதான்.

இப்போது படிக்கிறவர்கள் கேட்கலாம்: கந்தோரில் சொல்லாததை ஏன் பத்திரிகையில் சொல்கிறாய், மௌத்தானவருடைய குறையை ஏன் எழுதுகிறாய் என்று. நியாயமான கேள்விதான். இதை யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றிருந்தது. நான் சொல்லாவிட்டால் நிசார் சொல்லாமல் இருக்கமாட்டான், அவன் உங்கள் பிள்ளை. அவனுடைய வாயில் இருக்க வேண்டியதில்லை என்று என் வாய்க்கு எடுத்துக்கொண்டேன். நான் திட்டு வாங்கினால் எனக்குப் பழக்கம். இதைத் தவிர, குறையை மறைத்துவிட்டு ‘பொருந்திக்கிட்டன்’ என்று சொன்னால், உங்கள் கணக்கில் அது எக்ஸ்கியூஸ் ஆகிவிடும். நீங்களே திருத்தச் சொல்வீர்கள்.

இங்கே நிலைமை எல்லாம் மாறிக்கொண்டு வருகிறது மச்சான். உங்கள் கதிரையில் வேறொருவர் இருக்கிறார். நல்லவர்தான், பகிடி தெரியாதவர். இனிச் சிங்களம்தான் வேண்டும், இங்கிலீசு எதற்கு என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். அலவுக்கும் பெர்மிட்டுக்கும் வித்தியாசம் சொல்லிக் கேட்க இனி யார் இருக்கப்போகிறார்கள்? உங்களோடு சண்டை பிடிக்கவென்று நான் சேர்த்து வைத்திருந்த சோடிகள் இன்னும் கிடக்கின்றன. வேறு யாரிடமும் அவற்றைக் கதைக்க மனமில்லை.

பஸ் நிலையத்திலிருந்து நிசாரையும் கூட்டிக்கொண்டு நேரே ராத்தாவிடம் போனேன். வராதே என்று சொன்ன வாசல்தான். அவனை வெளியில் விட்டுவிட்டு உள்ளறைக்குள் போனேன். எங்கே புறப்பட்டோம் என்று ராத்தாவுக்குத் தெரிந்திருந்தது; என்னைப் பார்க்கவில்லை.

“என்ன, பஸ் விட்டுட்டுப் போயிட்டா?”

“நான்தான் விட்டன்.”

ராத்தாவின் விரல்களில் தஸ்பீஹ் மணி மட்டும் உருண்டது. நான் நின்றபடியே சொன்னேன். நினைத்ததைவிடச் சின்னக் குரலில்தான் வந்தது. “மச்சான் செஞ்சது பிழைதான் ராத்தா. அதுல மாத்தமில்ல. பொருந்திக்கிட்டன்.”

மணி நின்றது. ராத்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா. தோள் குலுங்கியது. அழுகைக்கு நடுவிலும் என்னை ஏசாமல் அவவால் இருக்க ஏலவில்லை.

“எனக்கிட்டச் செல்லி என்னத்துக்குடா? அவருக்கிட்டப் போய்ச் செல்லு. சத்தமாச் செல்லு. அவருக்கு வலக்காது கேக்காது எண்டு உனக்குத் தெரியாதா?”

தெரியும். வகுப்பில் பிள்ளைகள் உங்கள் வலப்பக்கத்தில் நின்றுதான் கள்ளம் செய்வார்கள்.

மச்சான், நாற்பதாம் கத்தத்துக்கு முதல் நாள் காலையில், சுபஹு தொழுதுவிட்டு நேரே கபுறடிக்கு வருகிறேன். உங்களை வலப்பக்கம் சரித்துத்தான் கிடத்தியிருக்கிறார்கள், நானே பார்த்தேன். கேட்கிற காது மேலேதான் இருக்கிறது. வந்து சொல்கிறேன், சத்தமாக.

உங்கள் பெண்சாதியின் தம்பி,
உங்கள் பிள்ளைகளின் மாமா,
கரீம்